பச்சை மையும் ஒரு மெமோவும்

அன்புள்ள ஐயா,

குரூப் 4 எழுதி, மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதிகாரி எதற்கெடுத்தாலும் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். அவர் மேசையிலேயே மூன்று நாள் கிடந்த கோப்புக்கு, தாமதம் ஏன் என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. வீட்டில் அனுசரித்துப் போ என்கிறார்கள். எனக்கோ ராஜினாமா செய்துவிடலாம் போலிருக்கிறது.

எஸ்.

அன்புள்ள தம்பி,

நானும் கோப்பு கட்டியவன்தான். எனக்கு வாய்த்த அதிகாரி ஒருவர் வரைவில் ‘தெரிவிக்கப்படுகிறது’ என்றிருந்தால் பச்சை மையால் அடித்து ‘தெரிவிக்கலாகிறது’ என்று எழுதுவார். திருத்திக்கொண்டு போனால், மறுநாள் அதை அடித்துப் பழையதையே எழுதுவார். மூன்றாம் முறை கோப்பு தரையில் விழுந்தது. பொறுக்கிக்கொண்டு வந்து, பழைய வரைவைக் கிழிக்கப் போனேன். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த உதவியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவர் கையெழுத்தை ஏன் கிழிக்கிறாய்?” என்றார். மூன்று வரைவுகளையும் தேதி வரிசையில் கோப்பிலேயே அடுக்கி, பச்சை மை தெரியும்படி துண்டுச்சீட்டு வைத்து அனுப்பினோம். அதிகாரி புரட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார்.

அவர் திருந்தவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் கோப்பு பறந்தது. ஆனால் என் கோப்பு அதன்பின் பறக்கவில்லை.

அனுசரித்துப் போ என்பவர்கள் உங்கள் இருக்கையில் உட்காரப் போவதில்லை. உங்கள் அதிகாரி ஏன் இப்படி இருக்கிறார் என்று ஆராய்வதும் வீண். அது அவர் வீட்டார் பாடு. உங்கள் பாடு தன்பதிவேடு. உங்கள் இருக்கைக்கு வருவதையெல்லாம் பதியும் அந்த ஏட்டில், கோப்பு என்று வந்தது, என்று மேலே போனது என்பதை அன்றன்றே எழுதுங்கள். மின் அலுவலக முறை வந்துவிட்டதென்றால் இன்னும் நல்லது, யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்று அதுவே காட்டிவிடும். அதிகாரி கோப்பில் ‘பேசவும்’ என்று எழுதி, நேரில் வாய்மொழியாக ஒன்று சொன்னால், ‘நேரில் பேசியபோது அறிவுறுத்தியபடி’ என்று அடுத்த குறிப்பைத் தொடங்குங்கள். இதை எழுதத் தயங்குவீர்கள். எழுதுங்கள்.

விளக்கம் கேட்கும் மெமோ தண்டனை அல்ல. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ)-வின் கீழ் கண்டனமோ ஊதிய உயர்வு நிறுத்தமோ கொடுப்பதற்குக்கூட முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். பதவி நீக்கம் போன்ற பெரிய தண்டனை என்றால் 17(ஆ), அதற்கு விசாரணை உண்டு. இரண்டு ஆண்டு ஊழியரை மிரட்ட இந்த எண்களைச் சும்மா சொல்லிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கத்தலுக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் அப்போதெல்லாம் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவும் பல நாள் பலிக்கவில்லை, இரவு தூக்கம் போகும்.

ராஜினாமாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் மெமோவுக்குப் பதில் எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். ‘மன உளைச்சல்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கோப்பு அவரிடம் போன தேதியையும் திரும்பி வந்த தேதியையும் எழுதுங்கள். அவர் கையில் கொடுக்க வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.