அழிந்த படங்களை மீட்க போனை ரூட் செய்யலாமா?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"2022-ல் வாங்கிய ரெட்மி போன் வைத்திருக்கிறேன். இடம் இல்லை என்று அடிக்கடி காட்டியதால், 12 நாட்களுக்கு முன் என் மகள் வேண்டாத படங்களை அழித்தாள். அதோடு சேர்ந்து என் மாமனார், மாமியாரின் அறுபதாம் கல்யாணப் படங்களும் போய்விட்டன. மாமனார் இப்போது உயிரோடு இல்லை. இங்கே ஒரு செல்போன் கடையில், 'ரூட் பண்ணா அழிஞ்சது எல்லாத்தையும் எடுத்துடலாம், மத்தது எதுவும் போகாது, 3000 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு, அந்தப் படங்களில் சிலவற்றைச் சின்னச் சின்னதாகக் காட்டவும் செய்தார்கள். நம்பிக் கொடுக்கலாமா? அப்புறம் ஜிபே வேலை செய்யுமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

போனில் கேலரியைத் திறந்து குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் இருந்தால் அதற்குத் தனிக் குப்பைத்தொட்டி உண்டு, அதையும் பாருங்கள். படம் கூகுளில் ஏற்கெனவே ஏறியிருந்தால் அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும். ஏறாமல் போனில் மட்டும் இருந்த படம் என்றால் 30 நாள். உங்களுக்கு 12 நாள் போய்விட்டது. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிமெயில் இருந்தால் ஒவ்வொன்றிலும் நுழைந்து பாருங்கள். கணவரின் கணக்கில் படங்கள் ஏறிக்கொண்டிருந்தது மனைவிக்குத் தெரியாமலே இருந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 3000 ரூபாய் கேட்டவர் இந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ரூட் விஷயத்துக்கு வருவோம். போனின் உள் அமைப்பு வரை போய் எதையும் மாற்றுகிற முழு அதிகாரத்தை எடுத்துக்கொள்வதற்குத்தான் ரூட் என்று பெயர். அந்த அதிகாரம் கைக்கு வர, முதலில் போனைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் என்கிற மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தவுடன், போன் தன்னிடம் இருக்கும் உங்கள் படம், வாட்ஸ்அப், தொடர்பு எண்கள், ஆப்கள் அத்தனையையும் துடைத்துவிட்டு, கடையிலிருந்து வந்த நாள் போல ஆகிவிடும். இது கோளாறினால் நடப்பதில்லை, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, அழிந்த நாற்பது ஐம்பது படங்களைத் தேடப் போய், மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களையும் கையோடு அழித்துவிட்டு வருவீர்கள். 'மத்தது எதுவும் போகாது' என்று சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் மறைத்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அவர் கையில் உங்கள் போன் இருக்கக் கூடாது.

'பேக்கப் எடுத்துட்டுத்தான் பண்ணுவோம்' என்பார்கள். இருக்கிற படங்களுக்கு பேக்கப் எடுக்கலாம். அழிந்த படம் அந்த பேக்கப்பில் எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

துடைத்த பிறகும் உள்ளே தேடி எடுப்போம் என்றால், அதுவும் நடக்காது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்கள் எல்லாவற்றிலும், ஒவ்வொரு கோப்பும் ரகசியக் குறியீடாக மாற்றி, தனித்தனியாகப் பூட்டித்தான் சேமிக்கப்படுகிறது. இது கூகுள் வைத்திருக்கும் கட்டாய விதி. படத்தை அழிக்கும்போது அந்தப் பூட்டுக்கான சாவியும் போய்விடும். சாவி போன பிறகு உள்ளே கிடப்பது வெறும் இரைச்சல், அதிலிருந்து ஒரு முகத்தைக்கூட எடுக்க முடியாது. 2013, 2014-ல் இப்படி இல்லை. அப்போது பெரும்பாலான போன்களில் படங்கள் பூட்டில்லாமல்தான் கிடந்தன. ரூட் செய்து, அழிந்த படங்களை நானே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பலித்த வித்தையைத்தான் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கடையில் சின்னதாகத் தெரிந்தவை என்ன? எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். போன் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறு பிரதி செய்து வைத்துக்கொள்ளும், கேலரியைத் திறந்ததும் வேகமாகக் காட்டுவதற்காக. பெரிய படம் அழிந்த பிறகும் சில சமயம் இந்தச் சிறு பிரதி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு ஆப்கள் அதைத் தேடிப் பிடித்து வரிசையாகக் காட்டும். மாலையும் கழுத்துமாக மாமனாரின் முகம் திரையில் தெரிந்ததும் யாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து, 'பெருசா வேணும்னா ரூட் பண்ணணும்' என்று சொல்வார்கள். அந்தச் சிறு படத்துக்குப் பின்னால் பெரிய படம் எதுவும் இல்லை அம்மா. ஒன்று செய்யுங்கள், அந்தச் சிறு படங்களையாவது ரூட் இல்லாமலே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் எதையும் விட வேண்டாம்.

போன வருஷம் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். போனைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். ஆன் செய்தேன். நிறுவனத்தின் பெயருக்கு மேலே திறந்த பூட்டுப் படம் ஒன்று வந்தது. பூட்லோடரைத் திறந்தாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே ஒன்றுமே இல்லை. இறந்துபோன மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில் இருந்தனவாம். அவர் கடைக்குப் போனது நான்கே நான்கு படங்களை மீட்கத்தான். ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டேன், தெரியவில்லை. போன் வாங்கிய அன்று கடைப் பையனே கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். பில்லின் பின்பக்கம் எழுதித் தந்தான் என்றார், அந்த பில்லும் வீட்டில் இல்லை. அவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அட்டைப்பெட்டியில் 64 ஜிபி என்று பெரிதாக அச்சடிப்பார்கள், அதில் கணிசமான பங்கைப் போனின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் கேட்காத ஆப்களை நிரப்பி, நீக்க முடியாதபடி வைப்பார்கள். பூட்லோடரைத் திறக்கும்போது எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கை திரையில் வரத்தான் செய்கிறது, ஆனால் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், அதுவும் கடைக்காரர் கண்ணுக்கு மட்டும். போனின் சொந்தக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால், தகவல் அழிந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற படிவத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என்ன கோளாறு என்றே கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் போன்களை விற்பவர்களுக்கு, 'இதைச் செய்தால் உங்கள் படங்கள் எல்லாம் அழியும்' என்று தமிழில் ஒரு வரி போட ஏன் மனம் வரவில்லை?

இடப் பிரச்சினைக்காக ரூட் செய்யச் சொன்னாலும் கேட்காதீர்கள். போனோடு வந்த ஆப்களின் மூலக் கோப்புகள் தனிப் பகுதியில் இருக்கின்றன. அவற்றை அழித்தாலும் உங்கள் படங்களுக்கான இடம் கூடாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி இருக்கிறது, குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களை அங்கே அழித்தாலே பல ஜிபி கிடைக்கும்.

ஜிபே பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரூட் செய்த போனில் பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள் பலவும் மறுத்துவிடும், வங்கி ஆப்கள் பலவும் திறக்கவே திறக்காது. ரூட் செய்த போனா என்று சோதித்து, ஆம் என்றால் செயலியை இயங்க விடாமல் தடுப்பது பற்றி ரிசர்வ் வங்கியே 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. காரணமும் நியாயமானதுதான், ரூட் அதிகாரம் பெற்ற ஒரு ஆப் மற்ற ஆப்களுக்குள் இருப்பதையும் படிக்கலாம். இதை மறைத்து ஓட வைக்கிறேன் என்று இன்னும் 500 ரூபாய் கேட்பார்கள். அடுத்த அப்டேட்டில் அதுவும் நின்றுபோகும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் போனில் மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா? கேமரா அமைப்பில், படங்களை மெமரி கார்டில் சேமிக்கும்படி வைத்திருந்தீர்களா? இருந்தால் உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறது. கார்டில் இருக்கும் படங்கள் பொதுவாகப் பூட்டப்படுவதில்லை. அழித்தாலும் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். எடுப்பதற்கு ரூட் தேவையே இல்லை, போன்கூடத் தேவையில்லை.

இந்த வரியைப் படித்தவுடன் போனை அணைத்து, கார்டை வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாட்ஸ்அப்போ கேமராவோ அதில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கலாம். கார்டைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கான எஸ்டி கார்டு அடாப்டரில் செருகுங்கள், அந்த அடாப்டரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தள்ளுபூட்டு இருக்கும், அதை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். இனி அதில் எதுவும் எழுதப்படாமல் இருக்க அது ஒரு காவல். பிறகு கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாரையாவது உட்கார வைத்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடச் சொல்லுங்கள். கார்டைச் செருகியதும் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் போயிருக்கும், எண்களாக வரும், வேண்டாத படங்களும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வரும். பொறுமையாகப் பாருங்கள். பாதி படம் சாம்பல் நிறத்தில் வந்தால் அந்தப் பாதியின் மேல் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

வேறு நிறுவனப் போன்கள் சிலவற்றில் கார்டைப் போனின் உள்நினைவகம் போலவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி மாற்றிய கார்டும் பூட்டப்பட்டதுதான், அதைக் கம்ப்யூட்டரில் படிக்க முடியாது. அந்தப் போனை ரூட் செய்தாலோ ரீசெட் செய்தாலோ கார்டில் இருப்பதும் சேர்ந்தே போய்விடும். இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனியுங்கள்.

கார்டும் இல்லை, குப்பைத்தொட்டியும் காலி என்றால், படங்களை வெளியே தேடுங்கள். அன்று யார் யாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள்? போனின் ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்று ஒன்று இருக்கும், நீங்கள் அனுப்பிய படங்களின் பிரதி அதில் இருக்கலாம். கேலரியில் அழித்தது அங்கே அழிந்திருக்க வேண்டியதில்லை. விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எடுத்த படங்களைக் கேளுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோகிராஃபர் வைத்திருந்தீர்கள் என்றால் முதலில் அவருக்குத்தான் போன் போட வேண்டும். பழைய விழாப் படங்களை ஹார்ட் டிஸ்கில் வருஷக்கணக்கில் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போனை ஏற்கெனவே கடையில் விட்டிருந்தால், வாங்கியதும் அங்கேயே அணைத்து ஆன் செய்து பாருங்கள், திறந்த பூட்டுப் படம் வருகிறதா என்று. வரவில்லை என்றால் பூட்டை இன்னும் தொடவில்லை. ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தி, வரும் ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். திரைப் பூட்டின் பேட்டர்னை அவர்களிடம் சொல்லியிருப்பீர்கள், அதையும் யுபிஐ பின்னையும் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்து திருப்பித் தர மறுத்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். கணக்கிலிருந்து பணம் ஏதாவது போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

மகளைத் திட்டாதீர்கள். குப்பைத்தொட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.