சான்றிதழ் கையில் இல்லாத அகதி மாணவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். போரால் ஊரைவிட்டு வந்த நான்கு பேர் இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். யாரிடமும் முழுமையான சான்றிதழ்கள் இல்லை. எங்களிடம் பெரிய நிதியும் கிடையாது. உதவ வேண்டும் என்று நினைக்கிறோம், எங்கே தொடங்குவது?

பதில்: நிதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதற்கும் வருகிறேன். முதலில் உங்கள் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, கையில் ஒரு தாளும் இல்லாதவராக உங்களை வைத்துக்கொண்டு நிரப்பிப் பாருங்கள். மூலச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்லும் இடத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கும். எதையாவது ஏற்றாமல் அடுத்த பக்கம் திறக்காது. அப்புறம் நிரந்தர முகவரி, பாஸ்போர்ட் எண், பெற்றோர் கையெழுத்து. பல மாணவர்கள் இந்தப் பக்கத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள், தேர்வுக் குழுவின் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் நால்வரும் எப்படியோ இதைத் தாண்டி வந்தவர்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

உலக அளவில் அகதி இளைஞர்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 3 சதவீதம் என்று 2019-ல் ஐ.நா. அகதிகள் முகமை சொன்னது. 2023 வாக்கில் அது 7 சதவீதம் ஆனது. 2030-க்குள் 15 சதவீதம் என்பது இலக்கு. உங்களைப் போன்றவர்கள் படிவத்தை மாற்றாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

'விதியில் இடமில்லை' என்று உங்கள் கல்விக் குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருக்கு 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையைக் காட்டுங்கள். அதன் 22-ஆம் பிரிவு சான்றிதழ்களை அங்கீகரிப்பது, கட்டணச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றை வெளிப்படையாகவே பேசுகிறது. ஆவணம் இல்லாதவரின் படிப்பை மதிப்பிட நியாயமான வழிமுறை வேண்டும் என்று உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பது பற்றி ஐரோப்பிய வட்டார நாடுகள் 1997-ல் செய்துகொண்ட லிஸ்பன் உடன்படிக்கை சொல்கிறது. 2019-ல் நிறைவேறி 2023-ல் நடைமுறைக்கு வந்த யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கையும் இதே வழியில்தான் போகிறது. உங்கள் நாடு எதில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

சரி, தாள் இல்லாமல் படிப்பை எப்படி மதிப்பிடுவது? ஐரோப்பியக் கவுன்சில் 2017 முதல் அகதிகளுக்கெனத் தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்கிவருகிறது. இது பயணத்துக்கானது அல்ல, ஒருவரின் படிப்பை மதிப்பிட்டுச் சொல்லும் ஆவணம். அதன் முறையை நீங்களும் பின்பற்றலாம். முதலில் விரிவான கேள்வித்தாள்: என்ன பாடங்கள், எந்தப் புத்தகங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம், தேர்வை யார் நடத்தினார்கள். கிடைத்த துண்டு ஆவணங்களை அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பேர் மாணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் மாணவர் படித்த நாட்டின் கல்விமுறை தெரிந்தவர், மற்றவர் பாடம் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

நான் உட்கார்ந்த ஒரு நேர்காணலில் அந்தப் பெண்ணிடம் இருந்தது மதிப்பெண் பட்டியலின் செல்போன் படம் மட்டும்தான். அதிலும் மூலை நனைந்து எண்கள் கரைந்திருந்தன. அமில காரத் தரம்பார்த்தலை எப்படிச் செய்தீர்கள் என்று வேதியியல் பேராசிரியர் கேட்டார். குடுவைக்கு அடியில் வெள்ளைத்தாள் வைப்போம், இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறையும், மறையாமல் நிற்கிற அந்தச் சொட்டில் குழாயை மூட வேண்டும் என்று அந்தப் பெண் கையை அசைத்துக் காட்டினார். ஆய்வகத்தில் நின்றவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பேராசிரியர் அதற்குமேல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சரிபார்க்கிறோம் என்று அவர் முன்பு படித்த நிறுவனத்துக்கு நீங்களாகக் கடிதம் எழுதிவிடாதீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் அங்கே போய்ச் சேர்ந்தால், ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். மாணவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகே எழுத வேண்டும்.

மதிப்பீடு முடிந்தால் தற்காலிகச் சேர்க்கை கொடுங்கள். ஒரு பருவம் படிக்கட்டும், தேர்வில் தேறினால் சேர்க்கை உறுதியாகட்டும். ஆனால் மூலச் சான்றிதழைப் பட்டம் வாங்கும்போது கேட்கப்போவதில்லை என்பதையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான்கு வருடம் படித்தவரின் பட்டத்தைப் பள்ளிச் சான்றிதழுக்காக நிறுத்திவைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. செவிலியம், சட்டம் போன்ற படிப்புகளில் தொழில் உரிமம் கிடைப்பதற்குத் தடை இருந்தால், அதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி பணம். விண்ணப்பக் கட்டணத்தையும் முன்பணத்தையும் தள்ளுபடி செய்வதில் உங்களுக்குப் பெரிய இழப்பு கிடையாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கட்டணம் வாங்குவது அடுத்த படி. கனடாவில் உலகப் பல்கலைக்கழக சேவை அமைப்பு 1978 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. பல வளாகங்களில் மாணவர்களே ஒரு சிறு தொகையைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டி, அகதி மாணவர்களை வரவழைக்கிறார்கள். வந்தவருக்குப் பேருந்து ஏறக் கற்றுக்கொடுப்பதும் அந்த மாணவர்கள்தான். உங்கள் மாணவர் பேரவையிடம் கேட்டுப் பாருங்கள். ஜெர்மானிய அரசின் ஆதரவோடு 1992-ல் தொடங்கிய, அகதி மாணவர்களுக்கான டாஃபி (DAFI) உதவித்தொகை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

என் கருத்து ஒன்று, எல்லோரும் ஏற்க மாட்டார்கள். நான்கு பேருக்குப் படிப்புக் கட்டணத்தை மட்டும் கொடுப்பதைவிட, இரண்டு பேருக்கு வாடகை, சாப்பாடு, லேப்டாப் என்று முழுமையாகக் கொடுப்பது மேல். பாதி உதவி பெற்றவர் இரவு வேலைக்குப் போய், காலை வகுப்பில் தூங்கி, இரண்டாம் பருவத்தில் நின்றுவிடுகிறார். விடுமுறைக்கு விடுதி மூடும்போது இவர்களுக்குப் போக வீடு இல்லை என்பதையும் வார்டனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களும் உண்டு. சட்டப்படி அவர்கள் அகதிகள் இல்லை, அதனால் அகதிகளுக்கான பட்டியல்களில் வருவதில்லை. இழந்தது மட்டும் அதேதான். உங்கள் விதியில் 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரையும் மேடையேற்றிக் கதை சொல்ல வைக்காதீர்கள், கையேட்டில் படம் போடாதீர்கள். வகுப்பில் அவர் ஒரு மாணவர், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கட்டணத் தேதியைத் தள்ளிப்போடவும் விதிவிலக்குக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். இல்லையென்றால் மாணவர் ஒவ்வொரு ஜன்னலிலும் தன் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

இந்த வாரமே அந்த நால்வருக்கும் நாலு வரி எழுதுங்கள்: ஆவணம் இல்லை என்பதற்காக உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட மாட்டோம். கையில் என்ன இருக்கிறதோ, செல்போன் படமானாலும், அனுப்புங்கள். நேர்காணல் இன்ன தேதி. சந்தேகம் இருந்தால் இன்னாரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.