தறி நின்றால் பயம்

அம்மாவுக்கு ஸ்தோத்திரமுங்க. எங்க வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விடியக்காலையில உட்கார்ந்தாலும் டக்கு டக்குன்னு ஒரே சத்தம். மௌன ஜெபத்துக்கு இருபது நிமிஷம் உட்காரச் சொல்லித் தந்தாங்க. கொஞ்ச நேரத்துலயே பால் கணக்கு, சீட்டுப் பணம், மத்தியானத்துக்கு என்ன குழம்புன்னு மனசு ஓடிருது. இல்லீன்னா தூக்கம். வீட்டுக்காரர் அந்நேரம்தான் டிவி போடுவாரு. நங்கையாவோ, 'வாயைத் தொறக்காம உட்கார்ந்திருந்தா அது ஜெபமா'ங்கறாங்க. எத்தனை சொன்னாலும் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கறதில்லைங்க. கரண்ட் போய்த் தறி நின்னா அமைதியாத்தான் இருக்குது. ஆனா அப்பத்தான், கல்யாண விஷயத்துல கோவிச்சுட்டுப் போன மூத்தவன் முகம் வந்து பயமாயிருது, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடறேன். அது கெடக்கட்டுங்க. இத்தனை சத்தத்துக்கு நடுவுல மௌனமா இருக்க வழி சொல்லுங்க.
– ஒரு வாசகி, சோமனூர்

அன்புள்ள சகோதரி,

'அது கெடக்கட்டும்' என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. தறி ஓடும்போது உட்கார்ந்திருக்கிறீர்கள், டிவி ஓடும்போதும் உட்கார்ந்திருக்கிறீர்கள். தறி நின்ற பிறகுதான் எழுந்து போகிறீர்கள். வீட்டுக்காரர் மேல் உள்ள குறையில் பாதியைக் கழித்துவிடலாம்.

குழம்பும் சீட்டுப் பணமும் எல்லோருக்கும் வரும். மல்லுக்கட்டினால் இன்னும் வரும். பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின் கற்றுத்தந்தபடி 'மா-ர-நா-தா' ('ஆண்டவரே, வாரும்') என்று நான்கு அசையும் ஒரே சீராக மனதுக்குள் சொல்லுங்கள். மனம் ஓடியது தெரிந்ததும் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். முதுகு சாய்ந்தால் தூக்கம் வரும். நிமிர்ந்து, பாதம் தரையில் பட அமருங்கள்.

மகனின் முகத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாய் ஓயாமல் ஜெபித்த காலத்தில் அந்த வலிக்கு நுழைய இடமில்லை. இப்போது இடம் கிடைத்திருக்கிறது. 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. நங்கையாவுக்குப் பதில் சொல்வதற்காக அல்ல, உங்களுக்காகவே அதை வாசியுங்கள்.

அடுத்த முறை கரண்ட் போனால் எழாதீர்கள். அவன் பெயரை ஒரு முறை சொல்லுங்கள். அவனைத் திருத்தும்படி கேட்க வேண்டாம், யார் பக்கம் நியாயம் என்ற வழக்கும் வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும். இப்போதைக்கு ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மௌனத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அவன் கோவித்துப் போனதை எழுதினீர்கள், நீங்கள் என்ன சொல்லி அவன் போனான் என்பதை எழுதவில்லை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகப் போகச் சொல்கிறது மத்தேயு 5:24. அவனுக்குப் போன் போடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாளும் போடுங்கள்.