சிறந்த மாணவர் விருது: வணிக நிர்வாகத் துறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் துறையில் ‘ஆண்டின் சிறந்த மாணவர்’ விருதுக்குப் படிப்புக்கு 60, பிற செயல்பாடுகளுக்கு 40 என்று பிரித்திருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணில் பின்தங்கியவர்தான் முதலிடம் பிடிக்கிறார். கணக்கில் எங்கே பிசகு?

ப: கூட்டலில் பிசகு இல்லை. படிப்புக்குக் கொடுத்த 60 என்ற எடை காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்கள் எல்லோருமே நன்றாகப் படிப்பவர்கள். அவர்கள் மதிப்பெண்கள் 88-க்கும் 94-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும். செயல்பாட்டு மதிப்பெண்ணோ 40 முதல் 95 வரை பரந்து கிடக்கும். படிப்பில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம் 6. அதில் 60 சதவீதம் என்றால் 3.6. செயல்பாட்டில் வித்தியாசம் 55. அதில் 40 சதவீதம் 22. விருதை முடிவு செய்வது எது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் படிப்பில் 94, செயல்பாட்டில் 60. அவருக்கு 56.4 + 24 = 80.4. இன்னொருவர் படிப்பில் 88, செயல்பாட்டில் 80. அவருக்கு 52.8 + 32 = 84.8. இரண்டாமவர் சுலபமாக வென்றுவிடுகிறார்.

கூட்டுவதற்கு முன் இரண்டு மதிப்பெண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டியலில் குறைந்தவருக்கு 0, கூடியவருக்கு 100 என்று நீட்டிவிடுவது பலர் செய்வது. அப்படிச் செய்தால் மேலே சொன்ன முதலாமவருக்கு 74.5, இரண்டாமவருக்கு 29.1 என்று தலைகீழாகிவிடும். இதிலும் ஆபத்து உண்டு: 88 வாங்கிய ஒருவருக்கு 0 போடுவது அநியாயம். தவிர, ஒரே ஒருவர் மிகக் குறைவாக வாங்கியிருந்தால் மற்ற எல்லோருடைய இடைவெளியும் சுருங்கிப்போகும். சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) வகுப்பது இதைவிட நிதானமான முறை. பட்டியலில் ஐந்தாறு பேர்தான் என்றால் அதுவும் நம்பத் தகுந்ததல்ல.

எங்கள் பரிந்துரை, கூட்டலையே விட்டுவிடுவது. மதிப்பெண்ணை நுழைவுத் தகுதியாக மட்டும் வையுங்கள். உதாரணமாக 10-க்கு 8.5 சிஜிபிஏ (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த சராசரித் தரப்புள்ளி). அதைத் தாண்டியவர்களில் செயல்பாடு மட்டுமே முடிவு செய்யட்டும். படிப்பில் முதலிடத்துக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுங்கள். விதியை விண்ணப்பம் கேட்பதற்கு முன்பே எழுதி அறிவிப்பது முக்கியம். 8.49 வாங்கியவர் வந்து நிற்கும்போது ‘8.5 என்று முழுமையாக்கலாமா’ என்று யோசிக்க ஆரம்பித்தால், அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பீர்கள். எத்தனை தசமம், முழுமையாக்கலாமா கூடாதா என்பதையும் விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

கே: நிதிப் பிரிவில் மதிப்பெண் கறாராக விழுகிறது, மனிதவளப் பிரிவில் தாராளமாக விழுகிறது. இரண்டு பிரிவு மாணவர்களையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமா?

ப: மதிப்பெண்ணை அப்படியே வைத்தால் நியாயமில்லை. பிரிவுக்குள் அவர் எத்தனையாவது இடம் என்று பாருங்கள்: ‘60 பேரில் 3-ஆவது’ என்பது முதல் 5 சதவீதம். பிரிவில் 12 பேர்தான் என்றால் முதல் ஆளே 8 சதவீதத்தில்தான் வருவார். அத்தகைய சிறு பிரிவுகளுக்கு இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக் கணக்கிடலாம். அல்லது எல்லாப் பிரிவினரும் சேர்ந்து எழுதிய பொதுத் தாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சராசரியை கிரெடிட் (ஒவ்வொரு தாளின் அளவைக் காட்டும் அலகு) எடையோடு போட மறக்காதீர்கள். 4 கிரெடிட் தாளையும் 1 கிரெடிட் தாளையும் சமமாக வைத்துப் பட்டியல் போட்ட துறைகள் உண்டு.

கே: நடுவர் குழு கூடினால் முதலில் பேசுகிறவர் சொல்வதே முடிவாகிவிடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

ப: பேசுவதற்கு முன் மதிப்பெண் போட்டுவிட வேண்டும். மூன்று நடுவர்கள் போதும். பழைய விண்ணப்பங்கள் இரண்டை எடுத்து எல்லோரும் தனித்தனியாக மதிப்பிட்டு, எங்கே வேறுபடுகிறோம் என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு உண்மையான விண்ணப்பங்களை அவரவர் தனியாக மதிப்பிட்டுத் தாளை ஒப்படைத்த பின்தான் கூட்டம். 5-க்கு 2 புள்ளிக்கு மேல் வேறுபடும் விண்ணப்பங்களை மட்டும் விவாதியுங்கள். தன் ப்ராஜெக்ட் மாணவரை யாரும் மதிப்பிடக் கூடாது.

செயல்பாட்டை மதிப்பிடுகிறவர் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கவே கூடாது. ஒரு விஷயத்தில் சிறந்தவரை மற்ற எல்லாவற்றிலும் சிறந்தவராகப் பார்க்கும் சாய்வை 1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் காட்டினார். 9.6 சிஜிபிஏவைப் பார்த்தவுடன் அந்த மாணவர் நடத்திய சாதாரண கருத்தரங்கும் பிரமாதமாகத் தோன்றும். நேர்மையான நடுவருக்கும் இது நடக்கும்.

கே: ஐந்து கிளப்களில் இருக்கிறேன், கையில் பதினெட்டு சான்றிதழ்கள். இரண்டு கிளப்களில் மட்டும் இருந்தவருக்கு விருது போய்விட்டது. விண்ணப்பத்தில் நான் என்ன தவறவிட்டேன்?

ப: நீங்கள் எங்கெங்கே இருந்தீர்கள் என்பது நடுவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன செய்தீர்கள் என்பது தெரியவில்லை. சான்றிதழ்களில் பெரும்பாலானவை கலந்துகொண்டதற்கானவையாகத்தான் இருக்கும். அவற்றை அடுக்கினால் நல்ல ஒன்று நடுவில் புதைந்துபோகும். மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பொறுப்பு, எத்தனை மாதம், உங்களால் என்ன மாறியது, அதை யார் உறுதிப்படுத்துவார் என்ற நான்கும் இருக்கட்டும்.

‘மார்க்கெட்டிங் கிளப் செயலாளர், பல நிகழ்ச்சிகளை வெற்றிகரமாக நடத்தினேன்’ என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ‘10 மாதம் செயலாளர். நிகழ்ச்சிக்கு 25 பேர் வந்துகொண்டிருந்தார்கள். பேச்சுக்குப் பதிலாகக் கேஸ் பயிற்சி (ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை எடுத்துத் தீர்வு காணும் பயிற்சி) வைத்தோம், கடைசி மூன்று நிகழ்ச்சிகளுக்கு 70 பேருக்கு மேல் வந்தார்கள். வருகைப் பதிவேடு பொறுப்பாசிரியரிடம் இருக்கிறது’ என்று எழுதினால் நடுவர் நம்புவார்.

குழுப் போட்டி வெற்றியில் இன்னொரு சிக்கல். நான்கு பேர் சேர்ந்து வென்ற பிசினஸ் பிளான் போட்டியை நான்கு பேருமே ‘நான் வென்றேன்’ என்று எழுதுவார்கள். அந்த நான்கு விண்ணப்பங்களும் ஒரே மேஜைக்கு வரும்! ‘செலவு, வரவு மதிப்பீட்டுப் பகுதி என்னுடையது’ என்று உங்கள் பங்கைச் சொன்னவர்தான் மேலே நிற்பார்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். கேட்கும்போதே விருது விதிகள், உங்கள் மூன்று செயல்பாடுகள், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ‘ஒழுக்கமான, சுறுசுறுப்பான மாணவர்’ என்ற வழக்கமான கடிதம்தான் வரும்.

கே: கல்லூரி முடிந்ததும் மாலையில் வேலைக்குப் போகிறேன். கிளப் பக்கம் போனதே இல்லை. விண்ணப்பிக்கலாமா?

ப: தாராளமாக. கடையில் சரக்கு இருப்பைக் கவனிப்பதும் இரண்டு பேருக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் வணிக மாணவருக்குப் பொறுப்பான செயல்பாடுகள்தான். வாரம் எத்தனை மணி நேரம் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: படிவத்தில் ‘சம்பள வேலை, வீட்டுப் பொறுப்பு’ என்று ஒரு வரி இல்லையென்றால் இப்படிப்பட்டவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். செயல்பாடுகளுக்கு மூன்று என்று உச்சவரம்பு வையுங்கள். நேரம் அதிகம் இருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் குறையும்.

கே: சர்வதேச ஹானர் சொசைட்டியில் (சிறந்த மாணவர்களை மட்டும் சேர்க்கும் அமைப்பு) சேர அழைப்பு என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டணம் கேட்கிறார்கள். ஏமாற்றா?

ப: கட்டணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, உண்மையான அமைப்புகளும் கேட்கும். அழைப்பு யார் வழியாக வந்தது என்று பாருங்கள். வணிகப் படிப்புக்கான பீட்டா காமா சிக்மா 1913-இல் தொடங்கியது. வணிகக் கல்விக்குத் தரச் சான்று தரும் ஏஏசிஎஸ்பி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் மட்டும்தான் அதற்குக் கிளை இருக்க முடியும். இளநிலையில் முதல் 10 சதவீதம், முதுநிலையில் முதல் 20 சதவீதத்தினரை அந்தந்த நிறுவனமே தேர்ந்தெடுத்து அழைக்கும். அதே போன்ற இன்னொரு அமைப்பான ஏசிபிஎஸ்பியின் அங்கீகாரம் உள்ள இடங்களுக்கு டெல்டா மூ டெல்டா என்ற சொசைட்டி. அதுவும் 1913-தான். உங்கள் துறை அலுவலகத்தில் போய், ‘நம்மிடம் இந்தக் கிளை இருக்கிறதா, பட்டியலில் என் பெயர் இருக்கிறதா’ என்று கேளுங்கள். அலுவலகத்துக்கே தெரியாமல் நேராக உங்களுக்கு வந்திருந்தால், உங்கள் மதிப்பெண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பணம் கட்டாதீர்கள்.

கே: டீன் பட்டியல், துறைப் பதக்கம் இரண்டையும் ரெஸ்யூமேயில் எப்படிக் குறிப்பிடுவது?

ப: பெயரோடு அளவையும் எழுதுங்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் பேக்கர் ஸ்காலர் என்பது எம்பிஏ வகுப்பின் முதல் 5 சதவீதம். தெரியாதவருக்கு அது வெறும் பெயர். ‘துறைப் பதக்கம், 140 பேரில் ஒருவருக்கு’ என்றால் யாருக்கும் புரியும். டீன் பட்டியல், அதாவது நல்ல மதிப்பெண் பெற்றவர்களின் பட்டியல், பொதுவாகப் பருவத்துக்குப் பருவம் போடப்படுவது. ஆறு பருவத்தில் நான்கு முறை வந்திருந்தால் ‘6-இல் 4’ என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

கே: விருது கொடுத்த பிறகு, அந்த மாணவரின் ப்ராஜெக்ட் அறிக்கை காப்பி என்று தெரியவந்தால்?

ப: திரும்பப் பெறும் விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் பெறலாம். இல்லையென்றால் இந்த ஆண்டு சங்கடம்தான். அடுத்த ஆண்டுப் படிவத்தில் மாணவர் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: தகவல் பொய் என்றோ, கல்வி ஒழுங்கு மீறல் என்றோ நிரூபணமானால் விருது ரத்து. பெயரை அறிவிப்பதற்கு முன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் ஒப்புதல் பெற ஒரு வாரம் ஒதுக்குங்கள். விழாவுக்கு முந்தைய நாள் கேட்டால் பதில் வராது.