புள்ளியியல் கேட்கும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் புள்ளியியல் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்று உறுதியாக இருக்கிறாள். உங்கள் கணவரின் அண்ணனோ, "செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று பெயருள்ள படிப்பில் சேர்த்தால்தான் பிழைப்பாள், வெறும் கணக்குப் படித்துவிட்டு என்ன செய்யப்போகிறாள்?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும் படிப்புக்காக வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று நீங்கள் இருவரும் உறக்கமின்றி யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள். மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படிப்பை நடத்தும் கல்லூரியின் விளம்பர ஏட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் "சராசரி ஊதியம்" என்ற எண்தான் உங்கள் மைத்துனரின் முதல் ஆயுதம். பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சமும், ஒரே ஒருவருக்கு 33 லட்சமும் கிடைத்தால் சராசரி 6 லட்சம் என்று வரும். அந்த 6 லட்சத்தை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடப் பெறவில்லை. ஆகவே கல்லூரியிடம் இடைநிலை ஊதியம், அதாவது எல்லோரின் ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஊதியம், என்ன என்று கேளுங்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேரின் ஊதியம் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். வேலை கிடைக்காதவர்களை விட்டுவிட்டுப் போட்ட சராசரியை நம்பி வீட்டை அடகு வைப்பதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் மைத்துனர் பெயர் சொல்லிக் காட்டும் ஐந்தாறு வெற்றிக் கதைகளும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். அதே படிப்பை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் குடும்ப விழாக்களில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் அவர்கள் அவருடைய கணக்கில் வருவதே இல்லை.

தரவு அறிவியல் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் அடித்தளம் புள்ளியியல்தான்; அடித்தளம் உள்ளவர்கள் அந்தத் துறைக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். பதினேழு வயதில் பெயருக்காகச் சேரும் படிப்புகள் பலவற்றில் மென்பொருள்களை இயக்கக் கற்றுத் தருகிறார்கள். கையிலுள்ள தரவு எப்படித் திரட்டப்பட்டது, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற பயிற்சி பெயரளவுக்கே இருக்கிறது. மென்பொருள்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும். சிறிய மாதிரிகளிலிருந்து முடிவுக்கு வருவதற்காக, மதுபான ஆலை ஒன்றில் பணியாற்றிய வில்லியம் காசெட் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட முறையோ இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் பயன்படுகிறது.

இனி உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தின் கடைசியில், ஏதோ குறை சொல்வது போல, ஒரு செய்தியை எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் இரத்த அழுத்தத்தை மூன்று மாதங்களாகக் காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவருகிறாள். ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அளந்து, முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாக இருப்பதைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அளக்க முடியாமல் போன நாட்களுக்கு உத்தேசமாக எதையும் எழுதாமல் வெற்றிடமாகவே விட்டிருக்கிறாள். மருத்துவர் மாத்திரையை மாற்றிய மறுநாளே அழுத்தம் குறைந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தபோது, "மிக அதிகமாக இருந்த நாளில்தானே மாற்றினார்கள், மறுநாள் எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒரு மாதம் பார்த்த பிறகு சொல்லலாம்" என்றாளாம். அதை அதிகப்பிரசங்கித்தனம் என்கிறீர்கள். அம்மா, பிரான்சிஸ் கால்டன் 1886-இல் 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டு விளக்கிய உண்மை இதுதான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் உயரமாகவே இருந்தார்கள், ஆனால் சராசரியாகப் பார்த்தால் பெற்றோர் அளவுக்கு இல்லை. எல்லை கடந்த ஓர் அளவுக்குப் பின் வரும் அளவு நடுவை நோக்கித் திரும்புவது இயல்பு. பாடப்புத்தகத்தில் படித்த பிறகும் பலர் நடைமுறையில் மறந்துவிடும் இதை, யாரும் சொல்லித்தராமல் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து உணர்ந்திருக்கிறாள். இந்த நாட்டத்தை அடக்கி, அவளுக்கு ஆர்வமில்லாத வகுப்பறையில் நான்கு ஆண்டுகள் உட்கார வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

வங்கி, காப்பீடு, அரசுப் பணி, ஆசிரியப் பணி ஆகிய வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் உயிரிப் புள்ளியியல். ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆய்வைத் திட்டமிடும் நாளிலிருந்து முடிவை எழுதும் நாள் வரை ஒரு புள்ளியியலாளர் உடன் இருக்கிறார். மருந்து ஆய்வுகளின் புள்ளியியல் பணிகளுக்குத் தகுதியும் அனுபவமும் உள்ள புள்ளியியலாளரே பொறுப்பு என்று 1998-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறியே சொல்கிறது.

இந்தப் பணியின் தன்மையை ஒரு பழைய ஆய்வைக் கொண்டு விளக்குகிறேன். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 107 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1948-இல் வெளிவந்தது. அதை வடிவமைத்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் மருத்துவர் அல்லர், புள்ளியியலாளர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைக் குலுக்கல் போல வரும் சமவாய்ப்பு எண்களால் முடிவு செய்து, மூடிய உறைகளில் வைத்தார். நோயாளியை ஆய்வில் சேர்த்த பிறகே உறையைப் பிரிக்க முடியும். பிழைக்க வாய்ப்புள்ளவரைப் பார்த்து மருந்துப் பிரிவில் சேர்க்கும் ஆசை எந்த நல்ல மருத்துவருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடமில்லாமல் செய்தது அந்த உறை. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்த முறை நேர்மையாக இருந்ததால்தான் இந்த எண்களை நம்ப முடிந்தது.

இன்றும் வேலையின் சாரம் அதுவே. எத்தனை நோயாளிகள் தேவை என்ற கேள்வியில் அது தொடங்குகிறது. இறப்பு விகிதம் 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைவதை, வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பிலும் (பயனில்லாத மருந்தைப் பயனுள்ளது என்று தவறாக முடிவு செய்யும் வாய்ப்பு) 80 சதவீதக் கண்டறியும் திறனிலும் (உண்மையான பயனைத் தவறவிடாமல் காணும் வாய்ப்பு) காண, பிரிவுக்கு ஏறத்தாழ 290 பேர் வேண்டும். 30-லிருந்து 25 ஆகக் குறைவதைக் காண ஏறத்தாழ 1,250 பேர் வேண்டும். வேறுபாடு பாதியானால் ஆள் எண்ணிக்கை நான்கு மடங்குக்கும் மேலாகிறது. குறைவான பேரைச் சேர்த்தால் நல்ல மருந்தும் பயனற்றதாகத் தெரியும். தேவைக்கு மேல் சேர்த்தால் பலரைக் காரணமின்றி ஆபத்துக்கு உட்படுத்துகிறோம். அடுத்தது பகுப்பாய்வுத் திட்டம். யார் எந்தப் பிரிவு என்று தெரியவரும் முன்பே, எதை எப்படிக் கணக்கிடுவோம் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஏனெனில் எந்தப் பயனும் இல்லாத மருந்தை, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இருபது கோணங்களில் அதே 5 சதவீதப் பிழை வரம்பில் சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது வெற்றி கண்டதாகத் தோன்றும் வாய்ப்பு 64 சதவீதம். அதன் பிறகு வருவது விடுபட்ட தரவு. பக்கவிளைவு தாங்காமல் ஆய்விலிருந்து விலகியவரையும் ஊர் மாறிப்போனவரையும் ஒரே விதமாக வெற்றிடம் என்று எண்ணிவிட்டால் முடிவே தவறாகிவிடும்.

இதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியலோ கணிதமோ படித்து, உயிரிப் புள்ளியியலில் முதுகலை முடிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆகலாம். முதுகலை இல்லாமல் இத்துறையில் பொறுப்பான பணி கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே பணத்தை முதுகலைக்குச் சேமியுங்கள். இளங்கலைக்குக் கட்டணம் குறைந்த, நல்ல ஆசிரியர்கள் உள்ள கல்லூரியே போதும். 'ஆர்' என்ற மென்பொருள் ஆராய்ச்சி உலகில் பரவலாகப் பயன்படுகிறது. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருவர் தொடங்கிய அது முற்றிலும் இலவசம். எனவே அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லி ஆறு மாதப் பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

ஒரு நிபந்தனை மட்டும். நிகழ்தகவு, நுண்கணிதம், அணிகள் ஆகியவற்றை நிறுவல்களோடு படிக்க வேண்டியிருக்கும். அளந்து குறிப்பதில் உள்ள ஆர்வம் அவளுக்கு அதிலும் இருக்கிறதா என்று இந்த விடுமுறையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசந்தால் வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்போது வேறு வழி பேசுவோம். அந்த முடிவை அவள்தான் சொல்ல வேண்டும், பெரியப்பா சொல்லக்கூடாது.

அடுத்த முறை வரும்போது அவளையும் அந்த நோட்டையும் அழைத்து வாருங்கள். அளவுகள் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்க வேண்டும். பாட்டிக்கு உடல்நிலை மோசமாக இருந்ததால் அளக்க முடியாமல் போயிருந்தால், அந்த மூன்று மாதச் சராசரியை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும். அதை அவள் ஏற்கெனவே யோசித்திருக்கிறாளா என்று அறிய விரும்புகிறேன்.