மெக்கானிக்கல் இன்டர்வியூவில் என்னதான் கேட்பார்கள்?

"மெக்கானிக்கல் முடித்துவிட்டேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ட்ரெய்னி வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. எதைப் படித்துவிட்டுப் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 14 வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். இப்போதெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவதால், அங்கிருந்தே சொல்கிறேன்.

முதலில் நான் கோட்டை விட்ட கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. விடிய விடிய தெர்மோடைனமிக்ஸ் படித்துவிட்டுப் போயிருந்தேன். எதிரே இருந்தவர் ஒரு புஷ்ஷையும் (குட்டிக் குழாய் மாதிரியான பாகம்) அளக்கும் வெர்னியரையும் என் பக்கம் தள்ளி, "உள்விட்டம் எவ்வளவுன்னு பாருங்க தம்பி" என்றார். அளந்து சொன்னேன். "மொதல்ல ஜாவை மூடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. ஜாவை, அதாவது அளக்கும் தாடைகளை, மூடினாலும் பூஜ்யம் காட்டாத, ஜீரோ எரர் உள்ள வெர்னியரை வேண்டுமென்றே வைத்திருந்தார். வேலை கிடைக்கவில்லை. இன்று அதே வித்தையைத்தான் நானும் செய்கிறேன்; பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மூடிப் பார்ப்பதில்லை.

ஆகவே எழுத்துத் தேர்வு, ஆப்டிட்யூட் எல்லாம் தாண்டி உள்ளே வந்துவிட்டால், உங்கள் முன் ஒரு டிராயிங்கோ ஒரு பாகமோ வரும் என்று எதிர்பாருங்கள். என் வழக்கமான கேள்வி இது: ஓட்டைக்கு 25 ஹெச்7, ஷாஃப்ட்டுக்கு 25 ஜி6 என்று போட்டிருக்கிறது (25 மி.மீ. அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதற்கான குறியீடுதான் ஹெச்7, ஜி6). கையால் தள்ளினால் உள்ளே போகுமா? ஓட்டை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம், ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. எவ்வளவு மோசமான ஜோடி சேர்ந்தாலும் 7 மைக்ரான் (0.007 மி.மீ.) இடைவெளி மிச்சம். போகும். அப்புறம் ஜி6-ஐ அடித்துவிட்டு எஸ்6 என்று எழுதிக் கேட்பேன். இப்போது ஷாஃப்ட் 25.035-இல்தான் தொடங்குகிறது. பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டியதுதான். அட்டவணையை யாரும் மனப்பாடமாகக் கேட்கமாட்டோம். எது கிளியரன்ஸ் (இடைவெளி விடும் பொருத்தம்), எது இன்டர்ஃபியரன்ஸ் (இறுக்கிப் பிடிக்கும் பொருத்தம்) என்று சொல்லத் தெரிந்தால் போதும். படத்தில் பாகத்தின் பார்வைகளை அடுக்கியிருக்கும் முறை முதல் கோணமா மூன்றாம் கோணமா என்றும் பார்த்துவிடுங்கள். நம் ஊர் டிராயிங் முதல் கோணம், வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்புவது சில சமயம் மூன்றாம் கோணம்.

படிப்பிலிருந்து கேட்பதும் உண்டு, ஆனால் சுற்றி வளைத்து வரும். எங்கள் பிளான்ட்டில் ஒருவர் சாக்பீஸைக் கையில் கொடுத்து, "முறுக்கி உடைங்க" என்பார். உடைந்த முகம் 45 டிகிரி சாய்வில் சுருள் மாதிரி இருக்கும். "மைல்ட் ஸ்டீல் கம்பியை முறுக்கினா இப்படியே உடையுமா?" உடையாது, அச்சுக்குக் குறுக்கே ஏறக்குறைய தட்டையாக உடையும். சாக்பீஸும் வார்ப்பிரும்பும் இழுவிசைக்குப் பலவீனம். முறுக்கும்போது அதிக இழுவிசை 45 டிகிரியில்தான் வருகிறது. மைல்ட் ஸ்டீல் முதலில் தோற்பது ஷியரில், அதாவது ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவும் விசையில். இதைப் புரிந்து சொல்பவருக்கு ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெயின் வரைபடம் தனியாகப் போட வேண்டியதில்லை. மற்றபடி எம்10 மரைக்கு பிட்ச் (மரைகளுக்கு இடையேயான தூரம்) 1.5 மி.மீ., டேப் போடும் (ஓட்டைக்குள் மரை வெட்டும்) முன் 8.5 மி.மீ. டிரில், இ.என்.8 என்ற ஸ்டீலில் கார்பன் சுமார் 0.4 சதவீதம், இந்த மாதிரிச் சின்னச் சின்னது வரும். வாகனத் துறை என்பதால் அந்தத் துறையின் தர மேலாண்மைத் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 பெயரும் அடிபடும். அது என்ன, எதற்கு என்று இரண்டு வரி தெரிந்தால் சரி.

ரெசியூமில் எழுதியதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று எத்தனை சோலார் புல்வெட்டிகளைப் பார்த்திருப்பேன், கணக்கே இல்லை. காசு கொடுத்து வாங்கியது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பையனிடம் மோட்டாரின் ஆர்.பி.எம். கேட்டேன். "சார், புராஜெக்ட் சென்டர்ல வாங்குனது. ஆனா பிளேடு ரெண்டு தடவ கழண்டு விழுந்துச்சு, லாக் நட் போட்டு நான்தான் சரி பண்ணேன்" என்றான். அவனைத்தான் எடுத்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்தால், ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகியுங்கள்.

ஹெச்.ஆர். சுற்றில் இரண்டு கேள்வி நிச்சயம். "ஏன் ஐ.டி.க்குப் போகல?" "நைட் ஷிஃப்ட் பார்ப்பீங்களா?" இரண்டாவதற்கு யோசிக்காமல் தலையாட்டாதீர்கள். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, கம்பெனி பஸ் எதுவரை வரும் என்று நீங்களும் கேட்கலாம், தப்பில்லை. பாண்ட் (இடையில் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்கும் கன்சல்டன்சி என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

செருப்போடு போகாதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு நன்றாகப் போனால் "வாங்க, ஷாப் ஃப்ளோரைப் பார்த்துட்டு வரலாம்" என்பார்கள். அதுவும் இன்டர்வியூதான். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் நடக்கிறீர்களா, ஓடும் மெஷினை நோக்கிக் கை நீள்கிறதா என்று பக்கத்தில் வருபவர் பார்த்துக்கொண்டே வருவார்.