எப்போதாவது விளையாடுகிறவருக்கு விலை உயர்ந்த கேமிங் கணினி தேவையா?

கேள்வி கேட்டவர் வேலைக்குப் போகிறவர். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், அதுவும் ஒரு மணி நேரம் கிடைத்தால் விளையாடுவாராம். பெரிய கிராபிக்ஸ் கார்டுடன் (விளையாட்டின் காட்சிகளை வரைந்து தரும் பாகம்) ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்துக் கணினி அசெம்பிள் செய்யச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்களாம். நானும் இதே ரகம்தான். என் பதில்: வேண்டாம்.

அந்த நண்பர்கள் காட்டும் எண்களையே எடுத்துக்கொள்வோம். திரையில் ஓடுவது அடுத்தடுத்து மாறும் படங்கள்தான்; ஒவ்வொன்றும் ஒரு பிரேம். நொடிக்கு 30 பிரேம்கள் ஓடினால் ஒரு பிரேம் ஏறக்குறைய 33 மில்லிநொடி திரையில் நிற்கிறது. 60 ஆனால் 17-க்கும் குறைவு. இந்த வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் நன்றாகவே தெரியும். 60-லிருந்து 120-க்குப் போனால் மிச்சமாவது 8 மில்லிநொடி. 120-லிருந்து 240-க்குப் போனால் வெறும் 4. விலை மட்டும் ஒவ்வொரு படிக்கும் எகிறும். துப்பாக்கி விளையாட்டுப் போட்டிகளில் ஆடுகிற கல்லூரிப் பையனுக்கு அந்த 4 பெரிய விஷயமாக இருக்கலாம். பகல் முழுவதும் எக்செல் பார்த்துக் கண் எரிய வந்து உட்காருகிறவனுக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது? 4கே என்ற மிகத் துல்லியமான திரையின் கதையும் இதேதான். வழக்கமான 1080பி திரையைவிட நான்கு மடங்கு பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். கார்டுக்கு அந்த அளவுக்கு உழைப்பு. மேசைமேல் இருக்கும் 24 அங்குலத் திரையில் அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது வேறு: நினைத்த நொடியில் நிறுத்த முடிகிறதா, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா? 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அன்றைக்கே பழைய சிப்பும், 1080பி-யைவிடத் துல்லியம் குறைந்த 720பி திரையும் கொண்டதுதான். ஆனாலும் 15 கோடிக்கு மேல் விற்றது. நல்ல விளையாட்டுகள் ஒரு காரணம் என்றால், பொத்தானை ஒரு தட்டு தட்டினால் தூங்கிவிடுவதும், மறுபடி தட்டினால் அதே இடத்தில் விழிப்பதும் இன்னொரு காரணம் என்பேன். 2022-இல் வந்த இன்னொரு கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலும் இந்த வசதி உண்டு. இரண்டையுமே இறக்குமதிக் கடைகளில்தான் தேட வேண்டும். வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்வார்த்தை.

விளையாட்டையும் இதே கண்ணோடுதான் தேர்ந்தெடுக்கிறேன். எல்டன் ரிங் என்ற சண்டை விளையாட்டு அற்புதமான படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் நடுச்சண்டையில் அழைப்பு மணி அடித்தால் அதை நிறுத்திவைக்க நேரான வழி கிடையாது. எழுந்து போனால் சாவுதான். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016-இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். மாட்டுக்குத் தடவிக்கொடுத்து, பயிருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தால் அன்றைய கணக்கு சேமிப்பாகிவிடும். அலுவலக லேப்டாப்பிலேயே ஓடும். (அலுவலகத்தில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) முறைவைத்து ஆடும் சீட்டு விளையாட்டான ஸ்லே தி ஸ்பயரில் ஒரு சீட்டைப் போட அரை மணி நேரம் யோசித்தாலும் எதிரி பொறுமையாக நிற்பான்.

கணினிதான் வேண்டும் என்றால் ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த சிப் போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. 16 ஜிபியை ஒரே ரேம் ஸ்டிக்காகப் போட்டால் தகவல் போக ஒரே பாதைதான். 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதைகள், விளையாட்டின் வேகத்திலேயே அது தெரியும். "இப்போதைக்கு ஒன்று போதும் சார், பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்பார் கடைக்காரர். கேட்காதீர்கள்.

கன்ட்ரோலர் (கையில் பிடித்து விளையாடும் கருவி) வாங்கும்போது, கட்டைவிரலால் அசைக்கும் குச்சியான ஜாய்ஸ்டிக் ஹால் எஃபெக்ட் வகையா என்று பாருங்கள். சாதாரண ஜாய்ஸ்டிக்கில் மெல்லிய கரிப்பூச்சின்மேல் ஓர் உலோக முள் உரசிக்கொண்டே இருக்கிறது. பூச்சு தேயத் தேய, கையை எடுத்த பிறகும் விளையாட்டில் வரும் கதாபாத்திரம் தன்பாட்டுக்குப் பள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கும். ஹால் எஃபெக்டில் காந்தத்தை வைத்து அளப்பதால் உரசலே இல்லை. விலை குறைந்த கன்ட்ரோலர்களிலும் இப்போது இது வருகிறது.

இல்லை, சோபாவில் சாய்ந்துகொண்டு பெரிய திரையில் காட்சி விருந்துதான் வேண்டும் என்றால் டிவியோடு இணைக்கும் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வாங்குங்கள், டிஸ்க் போடும் மாடலாக. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போல டிஸ்க் இல்லாத கன்சோலில் வாங்கிய விளையாட்டு உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும். டிஸ்க் என்றால் பழையதாக வாங்கலாம், முடித்துவிட்டு அடுத்தவருக்கு விற்றும் விடலாம்.